கொடியா, கோடியா?

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. முதல் முறை அங்கே நடந்த தவற்றைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. சொல்லிவிட்டுப் பெயரையும் போட்டால் அந்தப் பையனின் பிழைப்பில் மண்ணைப் போட்டதாகிவிடும். புதுச்சேரியில் நெல்லித்தோப்புப் பக்கம், பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெரு ஒன்றில் இருக்கிறது என்பது மட்டும் போதும். வெளியே ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ என்று பலகை. அதற்குக் கீழே கையால் எழுதி ஒட்டிய ஒரு தாள்: "பழைய ஆடியோ கேசட்டுகளைப் பென்டிரைவில் பதிந்து தருகிறோம்." முப்பத்தொரு ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தவள் என்பதால் முதலில் ஒற்றுப்பிழை தேடினேன். இல்லை. அதற்கே ஒரு மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் படியேறினேன்.

நான் கொண்டுபோனது 60 நிமிடக் கேசட் ஒன்று. அதன் மேல் அப்பாவின் கையெழுத்தில் "பா.பா. 3" என்று இருக்கும். பா.பா. என்றால் பாட்டுக்குப் பாட்டு. சன் டிவியில் பி.எச். அப்துல் ஹமீது நடத்திய நிகழ்ச்சி. லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு என்று விளம்பரம் கொடுத்த நகைக்கடையின் பெயரோடு சேர்த்தே எங்கள் தெருவில் சொல்வார்கள். ஓர் எழுத்து கிடைக்கும். அந்த எழுத்தில் தொடங்கும் திரைப்பாடலைப் பாட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் அந்த எழுத்தை அவர் உச்சரிக்கும் அழகுக்காகவே ஆசிரியர் அறையில் நாங்கள் மறுநாள் பேசிக்கொண்டிருப்போம். ழகரம் ழகரமாக, ளகரம் ளகரமாக விழும். வகுப்பில் நாற்பது பிள்ளைகளிடம் மல்லுக்கட்டி வராதது, இலங்கையிலிருந்து வந்த ஒரு மனிதரின் வாயில் சும்மா வந்துகொண்டிருந்தது.

கடலூர் புதுப்பாளையத்தில் எங்கள் பழைய வீடு. கூடத்தில் சாலிடேர் டிவி. வீட்டில் வீடியோ டெக் கிடையாது, வாங்கும் வசதியும் இல்லை. அதனால் அப்பா தம்முடைய டேப் ரெக்கார்டரை ஒரு முக்காலியில் ஏற்றி, டிவியின் ஒலிபெருக்கிக்கு நேரே வைப்பார். நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில் இரண்டு பொத்தான்களையும் ஒருசேர அழுத்திவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி உதட்டின் மேல் விரலை வைப்பார். அந்த விரலுக்கு யாரும் மதிப்புக் கொடுத்ததில்லை. திரையில் எழுத்து வந்த மறுகணம் கூடமே கத்தும். அத்தை, சித்தப்பா, அம்மா, பக்கத்து வீட்டிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கும் இரண்டு மூன்று பேர். நான் மடியில் காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களை வைத்துத் திருத்திக்கொண்டே பாடுவேன். அந்தப் பருவத்தில் என் மாணவிகள் சிலருக்குக் கூடுதலாக மதிப்பெண் கிடைத்திருக்கலாம்.

எங்கள் வீட்டுக்கென்று தனிச் சட்டம் இருந்தது. பல்லவியின் முதல் சொல்லிலிருந்துதான் பாட வேண்டும். பல்லவிக்கு முன்னால் தாளமில்லாமல் பாடும் தொகையறா செல்லாது. குறில் கேட்டால் குறில், நெடில் கேட்டால் நெடில். டிவியில் பாடுகிறவருக்கு முன்னால் பாடியாக வேண்டும். நடுவர் ஆயா. பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவர். ஆனால் பாட்டு எங்கே தொடங்குகிறது என்பதில் அவரை ஏமாற்ற முடியாது. சிலோன் ரேடியோ கேட்டு வளர்ந்த காது அது. கடலோர ஊர் என்பதால் எங்களுக்கு மத்திய அலையில் கொழும்பு நன்றாகவே கிடைக்கும். 1972இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது என்பதெல்லாம் ஆயாவுக்குத் தெரியாது, கடைசிவரை சிலோன்தான். பாட்டுக்குப் பாட்டு முதலில் வானொலியில் நடந்ததுதானே, இவர்கள் இப்போதுதான் கண்டுபிடித்தது போலக் குதிக்கிறார்களே என்று டிவியைப் பார்த்துச் சிரிப்பார்.

ஒரு நாள் ஆயா தம் வெள்ளி டம்ளரைப் பந்தயமாக வைத்தார். அன்றைக்கு வந்த எழுத்து "கோ". திரையில் இருந்தவர் யோசித்துக்கொண்டு நிற்க, எங்கள் கூடத்தில் சித்தப்பா ஒரு பாட்டை எடுத்தார், அத்தை ஒரு பாட்டை எடுத்தார். யார் முதல்? டம்ளர் அத்தைக்குப் போனது. தாம்தான் முதலில் பாடினோம், அதுவும் "கோடி" என்று தொடங்கும் பாட்டை என்பது சித்தப்பாவின் கட்சி. இல்லை, அவன் பாடியது "கொடி" என்று தொடங்கும் பாட்டு, குறில், அது செல்லாது என்பது அத்தையின் கட்சி. ஆயா 1999இல் போய்விட்டார். அவருடைய தீர்ப்பு என்ன, எதற்காக அப்படிச் சொன்னார் என்பது இருவர் நினைவிலும் வேறுவேறாக இருக்கிறது. அத்தைக்கு இப்போது 82, சித்தப்பாவுக்கு 76. எந்தக் கல்யாணத்தில் சந்தித்தாலும் பந்தி முடிந்து தாம்பூலம் வாங்குவதற்குள் டம்ளர் வந்துவிடும்.

ஆதாரம் இருந்தது. பா.பா. 3. ஆனால் 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் வந்தபோது புதுப்பாளையம் வீட்டின் ஓடுகள் பாதிக்குமேல் பறந்துவிட்டன. பரண் மேல் இருந்த தகரப் பெட்டிக்குள் தண்ணீர் போனது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்த நேரத்தில் கேசட்டை யார் நினைத்தார்கள்? மின்சாரம் வரவே எத்தனையோ நாள் ஆனது. பெட்டியை வெயிலில் வைத்துக் காய வைத்து மூடியதோடு சரி. பன்னிரண்டு கேசட்டுகள். எடுத்துப் பார்த்தபோது நாடாவின் ஓரத்தில் மாவு தூவியது போல வெண்பூஞ்சை.

கடலூரில் லாரன்ஸ் சாலை முழுக்கக் கேட்டேன். கேசட்டா என்று கண்ணைத்தான் விரித்தார்கள். வெளியூர் ஒன்றில் கூரியரில் அனுப்பச் சொன்னார்கள். ஒரு கேசட்டுக்கு 900 ரூபாய். பணம்கூடப் பெரிதில்லை, தபாலில் போனது திரும்பாவிட்டால் சித்தப்பாவுக்கு யார் பதில் சொல்வது? கடைசியில் அத்தையின் பேத்திதான் நெல்லித்தோப்புக் கடையைச் சொன்னாள். கேசட்டைப் பழைய பருத்தித் துணியில் சுற்றி, எவர்சில்வர் சாப்பாட்டு டப்பாவில் வைத்து எடுத்துப் போனேன். பஸ்ஸில் ஒலிபெருக்கிக்குக் கீழே உட்காராதே, அதில் காந்தம் இருக்கிறது, நாடாவில் இருப்பதை அழித்துவிடும் என்று சித்தப்பா எச்சரித்து அனுப்பியிருந்தார். அரியாங்குப்பம் வரை நின்றுகொண்டே போனேன். அந்தத் தூரத்தில் பஸ் ஒலிபெருக்கி ஒன்றும் செய்துவிடாது என்று கடைப் பையன் பிறகு சொன்னான். கால்வலி மட்டும் மிச்சம்.

இனி கடையைப் பற்றி. பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கேசட் என்ற பொருள் கடைகளிலிருந்து மறைந்துகொண்டிருந்த காலத்தில் பிறந்தவன். ஆனால் அதை அவன் கையாண்ட விதத்தைப் பார்த்து நான் வாயடைத்துப்போனேன். பூஞ்சையைக் கண்டதும் முகக்கவசம் போட்டுக்கொண்டான். கேசட்டின் ஐந்து திருகாணிகளையும் கழற்றி, மூடியைத் திறந்து, இரண்டு சக்கரங்களையும் அப்படியே வெளியே எடுத்தான். நாடா, ஒலியைப் படிக்கும் தலைப்பகுதியில் படிய வேண்டும் என்பதற்காக உள்ளே ஒரு சின்னச் செப்புத் தகட்டில் பஞ்சுத்துண்டு ஒட்டியிருக்குமே, அது உதிர்ந்து போயிருந்தது. அது இல்லாவிட்டால் ஒலி வரும், மங்கி மங்கி வரும் என்றான். காலிக் கேசட் ஒன்றைப் பிரித்து, அதன் கூட்டுக்குள் எங்கள் நாடாவைக் குடியேற்றினான். பிறகு ஸ்பிரிட் தொட்ட துணியை விரலில் சுற்றிக்கொண்டு, நாடாவைக் கையாலேயே மெல்ல ஓடவிட்டுத் துடைத்தான். ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம். குழந்தைக்குத் தலை துவட்டுவது போலிருந்தது.

ஒலிக்கும் கருவி இரட்டைக் கதவு டெக். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் செத்துக் கிடந்ததை வாங்கி, ரப்பர் பெல்ட் மாற்றி உயிர் கொடுத்ததாம். போடுவதற்கு முன் டெக்கின் தலையைத் துடைத்தான். போட்ட பிறகு அதன் பக்கத்திலிருக்கும் ஒரு பொடித் திருகாணியைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பிக்கொண்டே காதைக் கூர்ந்து வைத்திருந்தான். எதற்கு என்று கேட்டேன். "சகரமும் ஸகரமும் கூர்மையாகக் கேட்கும் இடம் வரும், டீச்சர். அங்கே நிறுத்த வேண்டும்" என்றான். பதிவு செய்த கருவியின் தலை எந்தச் சாய்வில் இருந்ததோ, அதே சாய்வுக்கு இதைக் கொண்டுவர வேண்டுமாம். இன்னொரு மதிப்பெண் போட்டேன்.

60 நிமிடக் கேசட்டைப் பதிய 60 நிமிடம் ஆகும். வேகமாக ஓட்டிப் பதிந்தால் தரம் போய்விடும் என்றான். உட்காருவதற்கு ஒரே ஒரு ஸ்டூல். மின்விசிறி ஜெராக்ஸ் இயந்திரத்தைப் பார்த்துத்தான் சுற்றும். நீண்ட நேரம் காத்திருக்க வேண்டிய ஒரு வேலையை எடுத்துச் செய்கிற கடை, வாடிக்கையாளர் உட்கார இரண்டு நாற்காலிகளாவது போட வேண்டாமா? இதைப் பையனிடமும் சொன்னேன். சிரித்தான்.

ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை நான் எந்த நாற்காலிக்காகவும் விட்டுக்கொடுக்கமாட்டேன். டெக் ஓடத் தொடங்கியதும் ஹமீதின் குரல் கடையை நிறைத்தது. ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்த பெரியவர் ஒருவர் மீதிச் சில்லறையை வாங்க மறந்து நின்றுவிட்டார். வைத்திக்குப்பத்துக்காரர். "நாங்கள் கடலுக்குப் போகும்போது ரேடியோவில் கேட்ட குரல் இது" என்றார். பாஸ்போர்ட் போட்டோவுக்காகத் தலை வாரிக்கொண்டிருந்த பெண்மணி, சீப்பைக் கையில் பிடித்தபடியே, டேப்பில் வந்த எழுத்துக்குப் பாட்டைத் தொடங்கிவிட்டார். பெரியவர் அதற்கு முன்பே வேறொன்றைத் தொடங்கியிருந்தார். எனக்குப் புதுப்பாளையம் கூடத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. பையன் மட்டும் திகைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பேச்சு மற்ற நிகழ்ச்சிகளுக்குப் போனது. பெண்மணி கோடீஸ்வரன் கட்சி. 2000இல் சன் டிவியில் சரத்குமார் நடத்தினாரே, அதில் கலந்துகொள்ள வேண்டும் என்பதற்காகப் பொது அறிவுப் புத்தகமெல்லாம் வாங்கி நெட்டுருப் போட்டாராம். ரம்யா கிருஷ்ணனின் தங்கவேட்டையையும் குஷ்பு நடத்திய ஜாக்பாட்டையும் விட்டதில்லையாம். ஜாக்பாட்டில் அவர் பார்த்தது குஷ்புவின் ரவிக்கைத் தையலைத்தானாம். பெரியவருக்கு இவை எதுவும் பிடிக்கவில்லை. "அதெல்லாம் அடுத்தவன் பணம் வாங்குவதை வேடிக்கை பார்ப்பது" என்றார்.

நான் பெரியவர் பக்கம்தான். கோடீஸ்வரனில் நான்கு விடை கொடுப்பார்கள், பாதியை அழிப்பார்கள், நண்பருக்குத் தொலைபேசி போடுவார்கள், பார்வையாளர்களைக் கேட்பார்கள். எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு. வீட்டில் இருப்பவர் விடையைச் சரியாகச் சொன்னாலும் தற்செயலாகச் சொன்னாலும் ஒன்றுதான். பாட்டுக்குப் பாட்டில் அப்படி ஏமாற்ற முடியாது. பாட்டு வாயிலிருந்து வந்தாக வேண்டும். எட்டாம் வகுப்பு தாண்டாத என் அம்மா, பட்டம் பெற்ற என்னைத் தோற்கடித்தது அந்த ஒரு விளையாட்டில்தான். அதே சமயம் அந்தப் பெண்மணி சொன்ன ஒன்றுக்கு என்னிடம் பதில் இல்லை. 2020இல் ராதிகா நடத்திய கோடீஸ்வரியில், காது கேளாத, வாய் பேச முடியாத மதுரைப் பெண் ஒருவர் ஒரு கோடி ரூபாயை வென்றார். "உங்கள் பாட்டுக்குப் பாட்டில் அந்தப் பெண் எங்கே உட்கார்ந்திருப்பாள்?" என்று கேட்டார். பெரியவர் மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் பென்டிரைவ் கிடைத்தது. வீட்டுக்கு வந்து மடிக்கணினியில் போட்டேன். ஹமீது நேற்றுப் பேசியது போலப் பேசினார். பாடியவர்களின் குரல் கண்ணாடி போலத் துலக்கம். நாடாவுக்கே உரிய "உஸ்" என்ற இரைச்சல் ஒரு துளிகூட இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை, சித்தப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று கைப்பேசியை எடுத்துவிட்டேன். அதற்குள் "கோ" வந்தது. எழுத்துக்குப் பின்னால் கிணற்றுக்குள் போனது போல ஓர் அமைதி. பிறகு டிவியில் இருந்தவர் பாடத் தொடங்கினார். அத்தை இல்லை, சித்தப்பா இல்லை. பின்னோக்கி ஓட்டினேன், முன்னோக்கி ஓட்டினேன். ஆயா இல்லை. எங்கள் வீட்டில் யாருமே இல்லை.

அடுத்த பஸ்ஸில் போய் இறங்கினேன். பையனுக்கு என் கோபம் புரியவில்லை. பெருமையோடுதான் சொன்னான்: "பின்னால் யார் யாரோ கத்திக்கொண்டே இருந்தார்கள், டீச்சர். குக்கர் வேறு அலறியது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அதற்குக் காசுகூடச் சேர்க்கவில்லை."

இப்போது இதற்கென்று மென்பொருள் இருக்கிறதாம். முன்பெல்லாம் யாரும் பேசாத ஒரு நொடியைக் காட்டி, இதுதான் இரைச்சல், இதை முழுப் பதிவிலிருந்தும் கழித்துவிடு என்று சொல்ல வேண்டுமாம். இப்போது ஒரே பொத்தான். முன்னால் இருக்கும் குரலை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அது துடைத்துவிடுகிறது. எங்கள் வீடு அதற்கு மற்றதுதான். அதன் மேல் எனக்குக் கோபமில்லை. என்னைக் கேட்காமல் அந்தப் பொத்தானை அழுத்தியதுதான் தவறு. அதைவிடப் பெரிய தவறு, துடைப்பதற்கு முன்னால் இருந்த மூலக் கோப்பைக் கணினியில் இடமில்லை என்று அழித்துவிட்டது. டெக்கில் ஓடும்போது அந்தக் குரல்கள் எல்லாம் இருந்தன, நானும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் "கோ" வந்த நேரத்தில் நானும் அந்தப் பெண்மணியோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

பதினைந்து மதிப்பெண் குறைத்தேன். அதை வாய்விட்டே சொன்னேன். வகுப்பில் திட்டு வாங்குகிற பிள்ளை போலத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பிறகு அவனே, மறுபடியும் பதிந்து தருகிறேன், காசு வேண்டாம் என்றான். காசைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பூஞ்சை தின்ற நாடா இன்னொரு முறை ஓடுமா என்பதுதான் கவலை. ஓடியது. இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் சக்கரம் கிறீச்சிட்டது. அவன் கையால் பிடித்துச் சமாளித்தான். இந்த முறை எதையும் தொடாமல், சுருக்காத கோப்பாகக் கொடுத்தான். அப்படிக் கொடுத்தால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். ஒரு கேசட்டுக்கு 600 எம்பி. முதலில் கொடுத்தது எம்பி3, அதில் பத்தில் ஒரு பங்குதான். போகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.

தொடாமல் என்றேன், ஒன்றைத் தொட்டான். வேகம். அப்பாவின் டேப் ரெக்கார்டரில் பெல்ட் தொய்ந்து, பதியும்போது நாடா மெதுவாக ஓடியிருக்கிறது. இப்போது சரியான வேகத்தில் ஓட்டினால் எல்லாரும் கொஞ்சம் கீச்சுக் குரலில் பேசுகிறார்கள். எவ்வளவு குறைக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? பையன் ஒரு தந்திரம் செய்தான். மின்சாரத்தில் ஓடிய கருவி என்பதால் பதிவின் அடியில் "ம்ம்" என்று ஒரு முனகல் இருக்கிறது. நம் நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். கணினியில் அந்த முனகலை அளந்தால் 52 காட்டியது. ஆக, சுமார் 4 விழுக்காடு வேகம் அதிகம். 50க்கு இறக்கினான். முதல் முறை குப்பை என்று துடைத்துப் போட்ட இரைச்சலுக்குள்தான் இந்த அளவுகோல் இருந்தது என்பதை அவனுக்குச் சுட்டிக்காட்டினேன். தலையைச் சொறிந்தான். குறைத்ததில் ஐந்து மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன்.

பொங்கலுக்கு முத்தியால்பேட்டையில் அத்தை வீட்டில் கூடினோம். பேரன் பேத்திகள் உட்படப் பதினேழு பேர். ஒலிபெருக்கியை நடுக்கூடத்தில் வைத்தோம். அத்தை அந்த வெள்ளி டம்ளரைக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டார்.

முதலில் கேட்டது அப்பாவின் "உஷ்". பொத்தான் அழுந்தும் சத்தம், உடனே அந்த "உஷ்". ஒருவரும் பேசவில்லை. பிறகு தெருவில் போகிற தயிர்க்காரியின் குரல், விளம்பர இடைவேளையில் அம்மா யாரையோ தண்ணீர் அடிக்கச் சொல்வது, கைப்பம்பின் ஓசை. ஆயா ஒருவரின் பாட்டைத் தள்ளுபடி செய்கிறார்: "அது தொகையறாடா, உட்கார்." அது என் கணவருக்குச் சொன்னது. இத்தனை ஆண்டு கழித்தும் அவர் முகம் சிவந்தது.

"கோ" வந்தது. டிவியில் இருந்தவர் தயங்கினார். ஒரு நொடி. சித்தப்பாவின் குரல், ஓங்கி, இரண்டே எழுத்து. மூன்றாவது எழுத்து வருவதற்குள் குக்கர் விசில். அதை அடுத்து அத்தையின் குரல், விசிலுக்குள்ளிருந்து வெளியே வந்து, முழுப் பல்லவியோடு. ஆயா ஏதோ சொல்கிறார். இரண்டாவது விசில் அதை விழுங்கிவிட்டது. ஆக, முதலில் வாய் திறந்தது சித்தப்பாதான். இதில் இனி யாருக்கும் ஐயமில்லை. திறந்த வாயிலிருந்து வந்தது "கொடி"யா, "கோடி"யா?

என்னைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மாத்திரை என்பது இயல்பாகக் கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம். வகுப்பில் ஆயிரம் முறை நொடித்துக் காட்டியிருக்கிறேன். ஆனால் பாட்டில் குறில் குறிலாகவே நிற்பதில்லையே. ராகம் இழுத்தால் இழுத்த இழுப்புக்கு நீளும். இதை நான் சொன்னதும் சித்தப்பா பிடித்துக்கொண்டார். அவர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். "50 என்று யார் சொன்னது அந்தப் பையனுக்கு? 1990களில் நம் தென்மாநில மின்தொகுப்பில் 50 எங்கே நின்றது? மாலை நேரத்தில் 49க்குக் கீழே போய்விடும். நான் கண்ணால் பார்த்தவன். 48.5 என்று வைத்து இன்னும் மெதுவாக ஓட்டு, அப்போது தெரியும் அது கோடி என்று."

அவர் சொன்னது உண்மைதான். அந்தக் காலத்தில் மின்சாரம் அப்படித்தான் இருந்தது. அத்தையின் பேத்தி கணினியில் அவர் கேட்டபடியே வேகத்தை இறக்கினாள். சித்தப்பாவின் "கோ" கொஞ்சம் நீண்டது. ஆனால் கூடவே அப்துல் ஹமீதின் குரலும் கனத்துவிட்டது. "பார், அவருக்கு ஜலதோஷம் பிடித்துவிட்டது" என்றார் அத்தை. "ஹமீதின் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? பழைய வேகத்துக்கே ஏற்று." கூடம் இரண்டாகப் பிரிந்தது. நான்கு விழுக்காடோ ஏழு விழுக்காடோ, எந்த வேகத்தில் ஓட்டினாலும் குறில் நெடிலாகிவிடாது, அதற்கு இரண்டு மடங்கு இழுக்க வேண்டும் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. சர்க்கரைப் பொங்கல் ஆறிப்போனது.

பிறகு தனியாகக் காதில் ஹெட்போன் வைத்துப் பதினான்கு முறை கேட்டேன். எனக்குக் கேட்பது கொடி. இதைச் சித்தப்பாவிடம் சொல்லவில்லை. அவர் இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

கடைக்குப் போக நினைப்பவர்களுக்காகச் சில சொற்கள். 60 நிமிடக் கேசட்டுக்கு 250 ரூபாய் வாங்குகிறார்கள். பூஞ்சை துடைக்கவும் கூடு மாற்றவும் இன்னொரு 100. செய்கிற வேலைக்கு இது மிகக் குறைவு. நான் 50 ரூபாய் சேர்த்துக் கொடுத்தபோது பையன் வாங்க மறுத்தான், வற்புறுத்திக் கொடுத்தேன். பென்டிரைவ் நம்முடையது. கைப்பேசியில் சொல்லிவிட்டுப் போவது நல்லது. பள்ளி சேர்க்கைக் காலத்தில் ஜெராக்ஸ் கூட்டம் அதிகம், அப்போது போக வேண்டாம். கேசட்டைக் கொடுக்கும்போதே, "எதையும் துடைக்காதே, மூலக் கோப்பை அழிக்காதே" என்று தாளில் எழுதி டப்பாவோடு ஒட்டிக் கொடுங்கள். இப்போது கேட்காமல் துடைப்பதில்லை என்கிறான். போன வாரம் போனபோது கண்ணாடிக் கதவில் புதிதாக இன்னொரு தாள் இருந்தது: "இரைச்சல் வேண்டுமா, வேண்டாமா என்று முன்கூட்டியே தெரிவிக்கவும்." இதிலும் பிழையில்லை. ஒரு நாற்காலியும் வந்திருந்தது.

மீதிப் பதினொரு கேசட்டுகளையும் மாசி முடிவதற்குள் கொடுத்துவிடுவதாக இருக்கிறேன். இந்த முறை சித்தப்பாவும் கூட வருகிறாராம். அதிர்வெண்ணைப் பற்றிப் பையனிடம் நேரில் பேச வேண்டுமாம். பையனிடம் முன்பே சொல்லி வைத்திருக்கிறேன். எத்தனை மணிக்கு வருவார், அன்றைக்குக் கடையைப் பூட்டிவிடலாமா என்று கேட்டான்.